பதினான்காம் நாள் தட்டு

பல்லி டாக்டர் எந்த மேடையில் ஏறினாலும் முதல் படமாகத் திரையில் பல்லியைத்தான் காட்டுவார். வாலறுந்த பல்லி ஒன்று. பக்கத்தில், வால் முளைத்த அதே பல்லி. "ஒரு பல்லிக்கு முடியுது. ஆறறிவு படைச்ச மனுஷனுக்கு ஏன் முடியாது?" என்று கேட்டுவிட்டு, பதிலைச் சட்டைப் பையில் வைத்திருப்பவர்போல நெஞ்சைத் தட்டிக்கொள்வார். கைதட்டல் எழும். அவர் கண் ஆஸ்பத்திரியின் இயக்குநர். அந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்குப் போகாமல் நாற்பது பேர் பன்னிரண்டு வருடமாகக் காப்பாற்றி வந்தார்கள். அங்கே அத்தனை ஒற்றுமையாக வேறெந்த வேலையும் நடந்ததில்லை.

வால் முளைக்க வைக்கிற வேலை மேடையில் நடக்கவில்லை. மூன்றாவது மாடியின் கோடியில், ஜன்னல் இல்லாத வளர்ப்பறையில் நடந்தது. அதைச் செய்தவளை எல்லோரும் 'வளர்ப்புத்தாய்' என்றார்கள். நாற்பத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை. "பிள்ளை குட்டி இருக்கா?" என்று கேட்பவர்களிடம், "இந்த வாரம் ஆறு தட்டு" என்று சொல்லிக் குழப்பிவிடுவாள்.

வேலை இதுதான். கருவிழியும் வெள்ளை விழியும் சேரும் ஓரத்தில் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. கருவிழியின் மேல்தோல் தேயத் தேயப் புதுத்தோல் அனுப்பிக்கொண்டிருப்பவை அவைதான். அந்த ஓரம் வெந்துபோனால் சப்ளை நின்றுவிடும். வெள்ளைத்தோல் களைபோல உள்ளே ஏறி, கருவிழியை மூடிவிடும். அப்போது நல்ல கண்ணின் ஓரத்திலிருந்து அரை அரிசி அளவு கிள்ளி எடுத்து, பனிக்குடச் சவ்வின் மேல் வைத்து, இளஞ்சிவப்பு ஊட்டநீர் ஊற்றி, உடம்புச் சூட்டில் இருக்கும் பெட்டிக்குள் வளர்க்க வேண்டும். ஒருநாள் விட்டு ஒருநாள் ஊட்டநீர் மாற்ற வேண்டும். பதினான்காம் நாள் அது ஒரு மெல்லிய தோலாக விரிந்திருக்கும். அன்றைக்கே கண்ணில் வைத்துவிட வேண்டும். மிஞ்சினால் ஒருநாள் பொறுக்கும். அதற்குமேல் ஓரம் உரிய ஆரம்பித்துவிடும். நாள் நட்சத்திரம் பார்க்கிறவர்களுக்கு அது காத்திருக்காது.

இந்த முறை அவள் வளர்த்துக்கொண்டிருந்தது சொந்த அத்தானின் கண்.

அத்தான், அவள் அக்காவின் கணவர், குழாய் வேலைக்காரர். ஒரு ஓட்டல் சமையலறையில் அடைத்துக்கொண்ட தொட்டிக்கு அடைப்பு நீக்கும் தூளைப் போட்டார். சுடுதண்ணீரை அவர் ஊற்றவில்லை. அவசரப்பட்ட ஓட்டல்காரர் ஊற்றினார். பொங்கித் தெறித்தது வலது கண்ணில். அத்தான் ஒரு கை தண்ணீர் அள்ளிக் கழுவிக்கொண்டு, ஒற்றைக் கண்ணை மூடியபடி இருபது நிமிடம் உட்கார்ந்து அடைப்பை எடுத்து முடித்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். எடுத்த வேலையைப் பாதியில் விட்டு அவருக்குப் பழக்கமில்லை. தூளுக்கும் அதே பழக்கம். அதுவும் அந்த இருபது நிமிடத்தில் தன் வேலையை முடித்துவிட்டது.

அதற்குப் பிறகு ஒரு வருடமாக அவர் ஸ்பானர், நட்டுக்குப் பக்கத்தில் இருந்த காற்றைத் திருகிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணுக்குத் தூரம் பிடிபடவில்லை. கூப்பிட்டவர்கள் இரண்டாம் முறை கூப்பிடவில்லை.

"உன் ஆஸ்பத்திரியில ஊருக்கெல்லாம் கண்ணு முளைக்குதாம். வீட்டு மாப்பிள்ளைக்கு மட்டும் முளைக்காதா?" என்று அக்கா கேட்ட பிறகுதான் அவள் இயக்குநரிடம் போனாள். அவர் பெருந்தன்மையாகச் சம்மதித்தார். ஒன்றை மட்டும் அத்தானிடம் விரல் நீட்டிச் சொன்னார்: "இடது கண்ணுல ஒரு தடவைதான் கிள்ள முடியும். ரெண்டாவது தடவை கைவெச்சா இருக்கற கண்ணும் போயிடலாம். புரியுதா?"

"புரியுது சார். நல்லா இருக்கறதே ஒரு பிட்டிங்தான்," என்றார் அத்தான்.

கிள்ளி எடுத்த மறுநாளிலிருந்து அத்தானின் போன் தினமும் மதியம் வரும்.

"கொழுந்தியாளே, என் கண்ணு என்ன பண்ணுது?"

"தூங்குது அத்தான்."

"சாப்பிட்டுச்சா?"

"காலையில தண்ணி மாத்தினேன். பழசை நல்லா உறிஞ்சியிருக்கு."

"கொடுத்து வெச்ச கண்ணு. நேரத்துக்குச் சோறு, சூடான வீடு, அதட்ட ஆளில்லை. வலது கண்ணுக்கு அடிச்ச யோகம் மத்த பாகத்துக்கு அடிக்கலையே."

"எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது!" என்று பின்னாலிருந்து அக்காவின் குரல் வரும்.

ஒன்பதாம் நாள் இயக்குநர் அவளைக் கூப்பிட்டனுப்பினார். அவர் அறையில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட விழா மேனேஜர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். மேஜைமேல் கீழ்த்தளக் கூடத்தின் வரைபடம் விரிந்திருந்தது.

"பதினாலாம் தேதி நம்ம புத்துயிர் மையத் திறப்பு விழா. உங்க அத்தான் தட்டுக்கும் அன்னைக்குத்தான் பதினாலாம் நாள். மெத்தை முதலாளி வர்றார்," என்றார் இயக்குநர்.

மெத்தை முதலாளிதான் மையத்துக்குக் கொடை கொடுத்தவர். நாட்டில் பாதிப் பேர் அவர் மெத்தையில்தான் தூங்கினார்கள். மிச்சப் பேரின் தூக்கத்தைக் கெடுக்க அவர் விளம்பரங்கள் இருந்தன.

"மையம்னா நம்ம வளர்ப்பறைதானே? அது பதினேழு வருஷமா நடந்துக்கிட்டுத்தானே இருக்கு சார்?"

"நடக்கறது வேற, திறக்கறது வேற," என்றார் விழா மேனேஜர்.

திட்டத்தை அவரே விளக்கினார். வளர்ப்புப் பெட்டியைக் கீழே கூடத்துக்கு இறக்கி, மலர் அலங்காரம் செய்து, கதவில் ரிப்பன் கட்ட வேண்டியது. மெத்தை முதலாளி ரிப்பனை வெட்டிக் கதவைத் திறந்து, செல் வளர்ந்த தட்டைத் தன் கையாலேயே வெளியே எடுப்பார். அங்கிருந்து நேராக ஆபரேஷன், செய்வது இயக்குநர். எல்லாம் நேரலை. கூடத்தில் பெரிய திரை.

அவள் குறுக்கிட்டாள். "சார், பெட்டியோட மூணு மாடி இறக்கினா உள்ள தட்டு ஆடும். கூடத்துல நூறு பேர் மூச்சு. பூவுல தூசி, கிருமி. திறந்தவுடனே போச்சு."

"ஏம்மா, வீட்டுல ஃபிரிட்ஜை இடம் மாத்தறதில்லையா? உள்ள இருக்கற தயிர் கெட்டா போயிடுது?"

தயிருக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் சொன்னால் அவருக்குக் கோபம் வரும், கோபம் வந்தால் பிடிவாதம் வரும் என்பது அவளுக்குத் தெரியும். இரண்டு நிமிடம் யோசித்துவிட்டு ஒரு வழி சொன்னாள். பழைய பெட்டி ஒன்று சும்மாதான் கிடக்கிறது. அதைக் கீழே வைக்கலாம். அதற்குள் வெறும் சவ்வும் ஊட்டநீரும் ஊற்றிய தட்டு ஒன்று. பார்க்க அச்சு அசலாக அதேதான். செல் மட்டும் இருக்காது. முதலாளி அதை எடுத்து அவளிடம் கொடுக்கட்டும். அவள் மேலே வளர்ப்பறைக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு, உண்மையான தட்டை ஆபரேஷன் அறைக்கு அனுப்பிவிடுவாள்.

இயக்குநர் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா? என் ஸ்டாஃப்!" என்றார் மேனேஜரிடம், அவளைத் தாமே வளர்த்ததுபோல.

"ஒரே ஒரு விஷயம். கேமரா தட்டுக்கு ரொம்பப் பக்கத்துல போகும்," என்றார் மேனேஜர். "முதலாளி மூடியில இருக்கற நம்பரை வாய்விட்டுப் படிப்பார். நோயாளி கைப்பட்டையில இருக்கற அதே நம்பர். அப்பத்தான் பார்க்கறவங்களுக்கு உடம்பு சிலிர்க்கும்."

மற்றவர்களுடைய உடம்பு சிலிர்ப்பதற்காக, அவள் அன்று தன் பதினேழு வருட வேலையில் செய்யாத ஒன்றைச் செய்தாள். ஒரு நம்பருக்கு ஒரு தட்டுத்தான் என்பது வளர்ப்பறையின் முதல் விதி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவளே சொல்லிக்கொடுக்கும் விதி. காலித் தட்டின் மூடியில் அத்தானின் நம்பரை எழுதினாள். 'கொஞ்ச நேரத்துக்குத்தானே' என்று நினைத்துக்கொண்டாள். பேனா நன்றாகத்தான் எழுதியது.

பதினான்காம் தேதி காலை உண்மையான தட்டை மைக்ராஸ்கோப்பில் பார்த்தாள். இத்தனை வருடத்தில் அப்படி ஒரு தோல் வளர்ந்ததில்லை. செல்கள் இடைவெளியே இல்லாமல், நெருக்கியடித்து, ஒன்றை ஒன்று தோளில் இடித்துக்கொண்டு நின்றன. "அத்தானுக்கு மேல அடம் பிடிக்கற கண்ணு," என்று சிரித்துக்கொண்டாள். பெட்டிக்குள் வைத்துவிட்டுக் கீழே இறங்கினாள்.

கூடத்தில் பெட்டி மணப்பெண்போல நின்றது. மின்சாரம் கொடுக்கவில்லை, மேனேஜர் உள்ளே ஒரு நீல விளக்கை மட்டும் போட்டிருந்தார். பல்லி திரையில் வந்து வால் முளைத்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு போயிற்று. இயக்குநர் ஆபரேஷன் அறைக்குப் போனார். மெத்தை முதலாளி பேசினார். மனிதன் வாழ்வில் மூன்றில் ஒரு பங்கைக் கண்ணை மூடிக்கொண்டு கழிக்கிறான் என்றும், அந்தப் பங்கைத் தாம் கவனித்துக்கொள்வதாகவும், மிச்ச இரண்டு பங்கை இனி இந்த மையம் கவனித்துக்கொள்ளும் என்றும் சொன்னார். பிறகு கையுறை மாட்டிக்கொண்டு ரிப்பனை வெட்டினார். தட்டை எடுத்தார். நம்பரைப் படித்தார். நாலாவது எண்ணைத் தப்பாகப் படித்துத் திரும்பவும் படித்தார். எல்லோருக்கும் சிலிர்த்தது.

அடுத்து அவர் தட்டை அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் ஓர் அடி எடுத்து வைத்தாள். மேனேஜர் குறுக்கே கையை நீட்டினார்.

"மேடம், ஃபிரேம்ல வராதீங்க."

"தட்டை நான்தான் வாங்கணும்!"

"முதலாளியே கொண்டுபோறேங்கறார். அது இன்னும் நல்லா வரும். ரெண்டு நிமிஷம், ப்ளீஸ்."

மெத்தை முதலாளி, ஏந்திய தட்டோடு, நடைபாதையின் கடைசிவரை கேமராவை முன்னால் விட்டு நடந்தார். ஆபரேஷன் அறையின் சிறு ஜன்னல் திறந்தது. உள்ளிருந்த நர்ஸ் விதிப்படி தட்டின் நம்பரையும் நோயாளியின் கைப்பட்டையையும் ஒப்பிட்டாள். சரியாக இருந்தது. இரண்டாவது நர்ஸ் ஒப்பிட்டாள். அவளுக்கும் சரியாக இருந்தது. தவறு நடக்காமலிருக்க ஏற்படுத்திய அத்தனை காவலும் அப்பழுக்கில்லாமல் வேலை செய்தது.

அவள் பின்படிக்கட்டில் மூன்று மாடி ஏறினாள். தட்டை எடுத்தாள். ஓட முடியாது, ஆடும். ஓடாமல் ஓடிக் கீழே இறங்கினாள். ஜன்னலைத் தட்டியபோது உள்ளே அத்தானின் கண்ணைத் திறந்து, ஏறியிருந்த வெள்ளைத்தோலைச் சுரண்டி எடுத்து முடித்திருந்தார்கள்.

"அது காலித் தட்டு. இதுதான் கண்ணு. டாக்டர்கிட்ட சொல்லு," என்றாள்.

நர்ஸ் அவள் கையிலிருந்த தட்டை ஒருமுறை பார்த்தாள். இயக்குநரின் காதோரம் போய்ச் சொன்னாள். இயக்குநரின் கை ஒரு கணம் நின்றது. அவர் தலையைத் தூக்கி, ஜன்னலுக்கு வெளியே அவள் நிற்பதைப் பார்த்தார். பிறகு, தனக்கு மேலே தொங்கிய கேமராவைப் பார்த்தார். இரண்டில் எதற்குப் பயப்பட வேண்டும் என்று முடிவு செய்ய அவருக்கு நேரமே ஆகவில்லை.

"இதோ, புது உயிர் தன் இடத்தில் போய் அமர்கிறது," என்று மைக்கில் சொல்லிவிட்டு, வெறும் சவ்வைக் கண்ணின்மேல் பரப்பினார்.

கூடத்தில் கைதட்டுகிற சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்டிருக்கும்.

கண்ணைத் திரும்பத் திறந்து உண்மையான தட்டை வைக்கச் சொல்லி, மாலைக்குள் அவள் யாரையெல்லாம் பார்க்க முடியுமோ பார்த்தாள். உதவி டாக்டர் தன் ஷூவைப் பார்த்தபடி, "மேடம், என் வேலை நிரந்தரமாக இன்னும் நாலு மாசம் இருக்கு," என்றார். வேறு இரண்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போன் போட்டாள். தாராளமாக அனுப்புங்கள், இயக்குநரின் கையெழுத்தோடு அனுப்புங்கள் என்றார்கள்.

அதன் பிறகு வார்டுக்குப் போனாள். அத்தான் வலது கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தார். அக்கா அவருக்கு வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தாள். வளர்ப்புத்தாய் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள். நம்பர் எழுதியதையும் விடவில்லை.

அக்கா உரித்த பழத்தைக் கையிலேயே வைத்திருந்தாள். "அந்த நம்பரை எழுதறப்ப உன் கை விளங்காமப் போயிருக்கக் கூடாதாடி?"

"போயிருக்கலாம்க்கா."

"விடு," என்றார் அத்தான். "தட்டு எத்தனை நாள் தாங்கும்?"

"நாளைக்கு வரைக்கும் நல்லா இருக்கும். அதுக்கப்புறம் உரியும்."

"அப்ப வேலை இன்னும் முடியல," என்று கட்டிலைவிட்டு இறங்கினார்.

இயக்குநரின் அறையில் பூங்கொத்துகளைத் தள்ளித்தான் நாற்காலி தேட வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. அதுதான் மோசம். மிகவும் கனிவாக இருந்தார்.

"வெறும் சவ்வும் ஒரு மருந்துதாங்க. காயம் அழகா ஆறும்."

"ஆறும் சார். பார்வை?"

"பார்வைன்னு நாம எதைச் சொல்றோம்ங்கறதே ஒரு பெரிய கேள்வி."

"எனக்குப் பெரிய கேள்வியெல்லாம் வேணாம் சார். நட்டு எங்க இருக்குன்னு தெரிஞ்சாப் போதும்." அத்தான் கையெடுத்துக் கும்பிட்டார். "தப்பான வால்வைப் போட்டுட்டா நாங்க அன்னைக்கே கழட்டிட்டு நல்லதைப் போடுவோம். வீட்டுக்காரர் ரெண்டு திட்டு திட்டுவார். அவ்வளவுதான். நான் திட்டக்கூட மாட்டேன்."

"கண்ணு என்ன குழாயா?"

"குழாயா இருந்தா உங்ககிட்ட எதுக்கு வர்றேன்?"

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திரும்பவும் திறக்க வேண்டுமானால் ஏன் திறந்தோம் என்று எழுத வேண்டும். எழுதினால் கமிட்டி கூட வேண்டும். கமிட்டியில் ஒருவர் வெளிநாட்டில் இருக்கிறார். ஆறு வாரம் ஆகும். அதுவும் எதற்கு? நம்பரை இரண்டு நர்ஸ்கள் ஒப்பிட்டிருக்கிறார்கள், முதலாளி வாய்விட்டுப் படித்திருக்கிறார், வீடியோ இருக்கிறது, மூடியில் இருப்பது இவளுடைய கையெழுத்து. பதிவேட்டின்படி அத்தானின் செல் அத்தானின் கண்ணில்தான் இருக்கிறது.

"மேல இருக்கற தட்டு?" என்றாள் அவள்.

"எந்தத் தட்டு?" என்றார் இயக்குநர், உண்மையாகவே ஞாபகப்படுத்திக்கொள்ள முயல்பவர்போல.

மறுநாள் முழுதும் அவள் அந்தத் தட்டுக்குக் காவல் இருந்தாள். ஊட்டநீர் மாற்றினாள். இயக்குநரின் அறைக்கு மூன்று முறை போனாள். மூன்று முறையும் அவர் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார். மதியம் போன் வரவில்லை.

பதினாறாம் தேதி காலை அத்தானே மாடியேறி வந்தார். அக்கா பின்னால் வந்தாள். வளர்ப்பறைக்குள் வெளியாள் நுழையக்கூடாது. நுழைந்தால் அங்கி, தொப்பி, முகமூடி. அவள் ஒன்றும் கேட்கவில்லை. தட்டையே வெளி அறைக்கு எடுத்துவந்து மைக்ராஸ்கோப்பில் வைத்து, ஸ்டூலை இழுத்துப் போட்டாள். இனி எந்தக் கிருமி வந்து என்ன செய்துவிடப் போகிறது?

அத்தான் இடது கண்ணைக் குழலில் வைத்தார்.

"இதுதானா?"

"இதுதான் அத்தான்."

"டைல்ஸ் ஒட்டினாப்பல இருக்கு. நல்ல வேலை. பிசிறே இல்ல." அவரிடமிருந்து அவளுக்குக் கிடைத்த முதல் பாராட்டு. "ஓரத்துல எதுவோ சுருண்டிருக்கே?"

"உரிய ஆரம்பிச்சிடுச்சு."

நடையில் செருப்புச் சத்தம் கேட்டது. இயக்குநர் ஒரு கூட்டத்தோடு வந்துகொண்டிருந்தார். மெத்தை முதலாளியின் சம்பந்தி வீட்டார், மையத்தைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள். அத்தானைப் பார்த்ததும் இயக்குநரின் கால் லேசாகத் தடுமாறியது. ஆனால் மேடைப் பழக்கம் கைகொடுத்தது.

"அடடே! நேரலையில பார்த்தீங்களே, அவரேதான்! சிகிச்சை எப்படி நடந்ததுன்னு தெரிஞ்சுக்க எவ்வளவு ஆர்வம் பாருங்க."

சம்பந்தியம்மாள் போனைத் தூக்கிப் படமெடுத்தாள். அத்தான் குழலிலிருந்து கண்ணை எடுத்து, எல்லோரையும் பார்த்து, வரவேற்பதுபோல் கையை நீட்டினார்.

"வாங்கம்மா, வாங்க. நீங்களும் பாருங்க. என் வலது கண்ணு இதோ இந்தத் தட்டுல இருக்கு. டாக்டர் ஐயா என் முகத்துல ஒட்டினது காலித் தட்டு. அவர் மேலயும் தப்பில்ல, கேமரா முன்னாடி யாருக்குத்தான் கண்ணு தெரியும்?"

சம்பந்தி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்ததால் அவர் வீட்டார் சிரித்தார்கள். எல்லோரையும்விட உரக்கச் சிரித்தவர் இயக்குநர். கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பார்வை வர்றதுக்கு முந்தி நகைச்சுவை வந்திடுச்சு!" என்றார். மறுபடி சிரிப்பு.

"நிஜமாத்தாங்க சொல்றார்," என்றாள் வளர்ப்புத்தாய். "நான்தான் அந்தத் தட்டைத் தயார் பண்ணினது. அதுல செல்லே கிடையாது."

"இந்த ஸ்டாஃப்பும் அப்படித்தான், சிரிக்காமச் சொல்லுவாங்க," என்று இயக்குநர் அவர்களைத் திருப்பி நடத்திக்கொண்டு போனார். "கீழ கூடத்துல பெட்டி இருக்கு, வாங்க, அதுகிட்ட நின்னு ஒரு படம்."

அக்கா மட்டும் கதவோரம், சுவரில் சாய்ந்து நின்றாள். இத்தனை பேர் சிரிக்கும்போது தான் ஏன் சிரிக்கவில்லை என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. யாரும் கேட்கவில்லை.

கூட்டம் படியிறங்கியதும் இயக்குநர் ஓரடி பின்வாங்கித் தலையை மட்டும் உள்ளே நீட்டினார். சிரிப்பு இன்னும் முகத்தில் காயவில்லை. "அம்மா, அந்தத் தட்டை இன்னைக்கே அப்புறப்படுத்திடுங்க. பதிவேட்டுல இல்லாத பொருள் வளர்ப்பறையில இருக்கக் கூடாது. விதி உங்களுக்குத் தெரியாததில்ல."

அவர் போய்விட்டார். அப்புறப்படுத்துவதென்றால் ப்ளீச்சிங் திரவம் ஊற்றிப் பத்து நிமிடம் விட வேண்டும். பாட்டில் அலமாரியில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"அத்தான், நீங்க எழுந்துக்குங்க. நெடி அடிக்கும்."

அத்தான் எழவில்லை. இடது கண்ணைத் திரும்பவும் குழலில் வைத்துக்கொண்டார். "அடைப்பு எடுக்கற ஆளுக்கு இந்த நெடியா புதுசு? நீ ஊத்து."

"பார்க்காதீங்க அத்தான்."

"என்னோடதுதானே? ஊத்து. நான் பார்த்துக்கிட்டே இருக்கேன்."

அவள் மூடியைத் திறந்தாள். வழக்கமாக ஊட்டநீர் ஊற்றுவதுபோலவே, தட்டின் ஓரமாக ஊற்றினாள். இளஞ்சிவப்பு நிறம் வெளிறியது. அக்கா வந்து அத்தானின் தோளில் கை வைத்தாள்.

"டைல்ஸ் எல்லாம் கலங்குது," என்றார் அவர். கொஞ்ச நேரம் கழித்து, "நடுவுல மட்டும் கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு நிக்குது," என்றார்.

பத்து நிமிடம் ஆயிற்று. அவர் எழுந்துகொள்வார் என்று இரண்டு பேரும் காத்திருந்தார்கள்.

"இப்ப வெறும் வெளிச்சந்தான் தெரியுது," என்றார் அத்தான்.